கணினியில் தமிழ் எழுத்துச் சிதைவு

கணினியில் தமிழ் எழுத்துச் சிதைவு என்பது, ஒரு கணினியில் சரியாகத் தெரிந்த தமிழ் உரை, கோப்புப் பெயர் அல்லது மின்னஞ்சல் வேறொரு கணினிக்கோ செயலிக்கோ சென்றபின் பொருளற்ற குறிகளாகத் தோன்றுவதைக் குறிக்கும். திரையில் சரியாகத் தெரிந்தும் தேடலில் அகப்படாமல் போவதும் இதன் மற்றொரு வடிவமே. வீட்டுக் கணினிகளில் கோப்புப் பரிமாற்றம், தேடல், மின்னஞ்சல் ஆகிய மூன்று இடங்களில் இது தனித்தனிச் சிக்கல்களாகத் தென்பட்டாலும், மூலக் காரணம் பெரும்பாலும் ஒன்றே ஆகும். எழுதிய செயலி ஒரு குறியேற்றத்தைப் பயன்படுத்துகிறது. படிக்கும் செயலி வேறொரு குறியேற்றத்தைக் கருதிக்கொள்கிறது.

சிதைந்து தோன்றும் உரை பெரும்பாலும் அழிந்துவிடுவதில்லை. ஆனால் சிதைந்த தோற்றத்திலேயே அதைச் சேமித்தால் நிரந்தரமாக அழியக்கூடும். எனவே, காரணம் தெரியும்வரை மூலக் கோப்பைச் சேமிக்காதிருப்பதே முதல் விதியாகும்.

அடிப்படை

கணினி எழுத்துகளைச் சேமிப்பதில்லை; எண்களையே சேமிக்கிறது. எட்டு பிட்டுகள் கொண்ட ஒரு பைட்டில் 0 முதல் 255 வரையுள்ள எண்களுள் ஒன்றை வைக்கலாம். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்று வரையறுக்கும் அட்டவணை குறியேற்றம் எனப்படும். அவ்வெழுத்தின் உருவத்தைத் திரையில் வரைவது எழுத்துரு ஆகும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதே பல குழப்பங்களுக்கு இடமளிக்கிறது.

ஒருங்குறியில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. 'க' என்னும் எழுத்தின் எண் 2965. இது ஒரு பைட்டில் அடங்காது. யூடிஎஃப்-8 முறையில் இது 224, 174, 149 என்னும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. தமிழ்ப் பகுதியின் ஒவ்வொரு குறியும் இவ்வாறு மூன்று பைட்டுகள் பெறும். 'தமிழ்' என்பது எழுத்தால் மூன்றாயினும் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகளால் ஆனது; எனவே 15 பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது.

வெற்று உரைக் கோப்பு பொதுவாகத் தான் எந்தக் குறியேற்றத்தில் உள்ளது என்பதைத் தன்னுள் குறித்து வைப்பதில்லை. படிக்கும் செயலி அதை ஊகிக்க வேண்டியுள்ளது. ஊகம் தவறினால் எழுத்து சிதைகிறது.

தமிழ்க் குறியேற்றங்கள்

வீட்டுக் கணினிகளில் ஒருங்குறி பரவுவதற்கு முன்னர் தமிழுக்குப் பல குறியேற்றங்கள் வழங்கின. பழைய கோப்புகளில் இவை இன்றும் காணப்படுகின்றன.

* பாமினி முதலிய எழுத்துருக்கள்: இவை ஆங்கில எழுத்துகளின் எண்களுக்குத் தமிழ் உருவங்களை வரைந்து காட்டுபவை. பாமினியில் 'தமிழ்' என்னும் சொல் ஜே, கே, பி, ஓ ஆகிய நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் சேமிக்கப்படுகிறது. கணினியைப் பொறுத்தவரை இது ஆங்கில உரையே ஆகும்.
* தஸ்கி: 1990களின் பிற்பகுதியில், பல நாடுகளில் வாழ்ந்த தமிழ்க் கணிமை ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியாகக் கலந்துரையாடி உருவாக்கியது. முதல் 128 இடங்களில் ஆங்கிலமும் எஞ்சிய 128 இடங்களில் தமிழும் அமைந்துள்ளன. 1998ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம் தன் மின்னூல்களைத் தஸ்கியில் வெளியிட்டு, பின்னர் ஒருங்குறியிலும் வெளியிட்டது. 2007இல் இக்குறியேற்றம் இணைய எண் ஒதுக்கீட்டு அமைப்பின் பட்டியலில் பதிவு செய்யப்பட்டது.
* டாப், டாம்: 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு அறிவித்தவை. முன்னது இருமொழிக்கும், பின்னது தமிழுக்கு மட்டும் உரியது.
* ஒருங்குறி: 1991இல் வெளியான இதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. விண்டோஸ் 2000 இயங்குதளம் முதல் மைக்ரோசாப்ட் கணினிகளில் இதற்கு ஆதரவு கிடைத்தது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் 16 பிட்டு அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் தரமாக ஏற்றது.

அறிகுறிகள்

சிதைவின் தோற்றத்தைக் கொண்டே பெரும்பாலும் அதன் காரணத்தை அறியலாம்.

* வெறும் பெட்டிகள்: எழுத்துரு இல்லை என்பதே பொருள். தரவுக்குக் குறைவில்லை. தமிழ் எழுத்துருவை நிறுவினால் போதும்.
* பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் இடையிடையே அரைப்புள்ளிகளும்: பாமினி போன்ற எழுத்துருவில் எழுதப்பட்டது. தரவு முழுமையாக உள்ளது.
* மேலே சாய்கோடு இட்ட ஆங்கில ஏ எழுத்தும், வட்டத்தினுள் ஆர் எழுத்துக் கொண்ட வணிகப் பதிவுக் குறியும் மாறி மாறி வருதல்: ஒருங்குறி உரை, விண்டோஸ்-1252 என்னும் மேற்கு ஐரோப்பியக் குறியேற்றமாகப் படிக்கப்படுகிறது. 224, 174 என்னும் எண்களுக்கு அந்த அட்டவணையில் உள்ள உருவங்களே இவை.
* அவ்வித ஒழுங்கின்றி வரும் ஐரோப்பிய எழுத்துகள்: தஸ்கி அல்லது டாப் உரையாக இருக்கக்கூடும்.
* கறுப்புச் சாய்சதுரத்தினுள் கேள்விக்குறி: அங்குள்ள பைட்டுகள் யூடிஎஃப்-8 விதிக்குப் பொருந்தவில்லை. மூலக் கோப்பு சேமிக்கப்படாத வரையில் பழைய பைட்டுகள் அதில் அப்படியே இருக்கும்.
* குறிக்கு ஒன்றாக வெறும் கேள்விக்குறிகள்: தமிழ் இல்லாத குறியேற்றத்திற்கு உரை மாற்றப்பட்டுவிட்டது. எல்லா எழுத்துகளும் 63 என்னும் ஒரே எண்ணாகிவிட்டதால் அப்படியிலிருந்து உரையை மீட்க இயலாது. வேறு படி இருந்தால் மட்டுமே உரை கிடைக்கும்.

கோப்புப் பரிமாற்றம்

கோப்பைப் படியெடுப்பது பொதுவாக அதன் பைட்டுகளை மாற்றுவதில்லை. பின்வரும் சூழல்களில் சிக்கல் எழும்.

பழைய நோட்பேட் செயலி 'ஆன்சி' என்பதையே இயல்பான சேமிப்பு முறையாகக் கொண்டிருந்தது. தமிழ் உரையை அவ்வாறு சேமிக்க முனைந்தால் ஓர் எச்சரிக்கை தோன்றும். அதைப் பொருட்படுத்தாமல் 'சரி' என்று அழுத்தினால் உரை முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும். 2019இல் வெளியான விண்டோஸ் 10 பதிப்பு 1903 முதல் யூடிஎஃப்-8 இயல்பு முறையானது.

காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட அட்டவணைக் கோப்பை எக்செல்லில் நேரடியாகத் திறக்கும்போது தமிழ் சிதையலாம். கோப்பின் தொடக்கத்தில் 239, 187, 191 என்னும் மூன்று பைட்டுகளாலான அடையாளம் இருந்தால் எக்செல் அதை யூடிஎஃப்-8 என அறியும். அவ்வடையாளம் இல்லையெனில், தரவு இறக்குமதிப் பட்டியின் வழியே குறியேற்றத்தைத் தேர்ந்து திறக்க வேண்டும்.

சிப் கோப்புகளினுள் இருக்கும் பெயர்கள் தொடக்கத்தில் 437 என்னும் பழைய அட்டவணைப்படியே எழுதப்பட்டன. 2006ஆம் ஆண்டின் சிப் வரையறையில்தான் பெயர் யூடிஎஃப்-8 முறையிலானது என்று காட்டும் குறி சேர்க்கப்பட்டது. இக்குறியை இடாத அல்லது அறியாத செயலிகளில் தமிழ்ப் பெயர்கள் சிதையும். எனினும் உள்ளிருக்கும் கோப்புகளுக்குத் தீங்கில்லை. புதிய செயலியால் விரித்துப் பார்ப்பது தீர்வாகும்.

பெயரின் நீளமும் தடையாகலாம். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமையில் பெயரின் வரம்பு 255 குறிகள். லினக்ஸின் எக்ஸ்ட்4 முறைமையில் வரம்பு 255 பைட்டுகள். அதாவது 85 தமிழ்க் குறிகள். ஆகவே விண்டோஸில் இடர்ப்பாடின்றி இருந்த நீண்ட தமிழ்ப் பெயர் லினக்ஸுக்குப் படியெடுக்கும்போது ஏற்கப்படாமல் போகும். பெயரைச் சுருக்கினால் போதுமானது.

எஃப்டிபி வழியே அனுப்பும்போது 'ஆஸ்கி' முறையைத் தேர்ந்தால் வரிமுடிவுக் குறிகள் மாற்றப்படும். இதனால் படங்களும் சிப் கோப்புகளும் பழுதாகும். இவற்றுக்கு எப்போதும் 'இருமம்' முறையையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

தேடல்

திரையில் ஒன்றுபோலத் தெரியும் இரு சொற்கள் கணினிக்கு வேறுபட்டவையாக இருக்கலாம்.

'கொ' என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒருங்குறியில் 3018 என்னும் ஒரே எண்ணாலும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு 3014, கால் 3006 என இரண்டு எண்களாலும் எழுதலாம். ஓகார, ஔகாரக் குறிகளும் இத்தகையவையே. இவ்விரு வடிவங்களும் சமமானவை என்று ஒருங்குறித் தரம் கூறுகிறது. ஆனால் எல்லாத் தேடற் செயலிகளும் அவ்வாறு கருதுவதில்லை. ஆப்பிள் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ்+ முறைமை கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. அதிலிருந்து 'கோயில்' என்னும் பெயருடைய கோப்பை லினக்ஸுக்குக் கொண்டுசென்றால், விசைப்பலகையில் 'கோயில்' என்று தட்டித் தேடும்போது அது அகப்படாமற் போகலாம். ஒரே அடைவில் 'கோயில்' என்று தெரியும் இரு கோப்புகள் இருப்பதும் நேரும்.

வேறு சில காரணங்கள்:

* ஔகாரக் குறியின் பிற்பகுதிக்குப் பதிலாக 'ள' எழுத்தைத் தட்டுதல். இது சமமான வடிவமன்று, பிழையான எழுத்தாகும்.
* 'எ' எழுத்துக்குப் பதில் தமிழ் எண் ஏழும், 'க' எழுத்துக்குப் பதில் தமிழ் எண் ஒன்றும் இடம்பெறுதல்.
* 'ஸ்ரீ' என்பதன் முதலெழுத்தை 'ஸ' கொண்டும், 2005இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட 'ஶ' கொண்டும் எழுதும் இரு வழக்குகள்.
* சில தட்டச்சுச் செயலிகள் இடையில் சேர்க்கும், கண்ணுக்குத் தெரியாத இணைப்புத் தடைக் குறி.
* தஸ்கியில் எழுத்துகள் திரையில் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்படுதல். 'கொ' அங்கே கொம்பு, க, கால் என்னும் வரிசையில் இருக்கும். ஒருங்குறியில் மெய்யெழுத்தின் குறி முதலில் வரும்.

பிடிஎஃப் ஆவணங்களில் இச்சிக்கல் மிகுதி. பாமினி போன்ற எழுத்துருவால் உருவாக்கிய ஆவணம் அழகாகத் தெரியும். ஆனால் அதனுள் இருப்பது ஆங்கிலக் குறிகள். ஒரு சொல்லைப் படியெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தால் உண்மை விளங்கும். இதே சோதனையைக் கோப்புப் பெயர்களுக்கும் செய்யலாம். பட்டியலில் தெரியும் பெயரைப் படியெடுத்துத் தேடுபெட்டியில் ஒட்டும்போது கிடைத்து, தட்டச்சு செய்யும்போது கிடைக்கவில்லையெனில், குறிகளின் வடிவ வேறுபாடே காரணம். ஒட்டினாலும் கிடைக்கவில்லையெனில், அந்த அடைவு தேடல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும்.

மின்னஞ்சல்

1982இல் வரையறுக்கப்பட்ட மின்னஞ்சல் நெறிமுறை 7 பிட்டு ஆங்கிலக் குறிகளை மட்டுமே ஏற்றது. பிற எழுத்துகளையும் இணைப்புகளையும் அனுப்ப வழிசெய்த மைம் தரம் 1992இல் வந்தது. இதன்படி, மடலின் தலைப்பகுதியில் குறியேற்றத்தின் பெயர் குறிக்கப்படும். உரை பேஸ்64 போன்ற முறையால் ஆங்கிலக் குறிகளாக மாற்றப்படும். பேஸ்64 மூன்று பைட்டுகளை நான்கு குறிகளாக்குவதால், மடலில் செல்லும் ஒவ்வொரு தமிழ்க் குறியும் நான்கு ஆங்கிலக் குறிகளாகப் பயணம் செய்கிறது.

தலைப்பகுதியில் குறியேற்றத்தின் பெயர் தவறாக இருந்தால் மடல் முழுவதும் சிதைந்து தெரியும். தஸ்கி காலத்து மடல்கள் பல, மேற்கு ஐரோப்பியக் குறியேற்றம் என்னும் பெயரிலேயே அனுப்பப்பட்டன. படிப்பவர் எழுத்துருவை மாற்றிக்கொள்வார் என்பது அக்கால வழக்கம். இன்றைய செயலிகளில் அவை சிதைந்து தெரிந்தாலும், மடலின் மூலவடிவைத் தனிக் கோப்பாகப் பதிவிறக்கித் தஸ்கி மாற்றியில் இட்டால் படிக்க இயலும். மடலை மேலனுப்புவது நல்ல வழியன்று. அனுப்பும் செயலி சிதைந்த தோற்றத்தையே புதிய உரையாகக் குறியேற்றிவிடக்கூடும்.

தமிழ்ப் பொருள்வரியில் நடுவே மட்டும் ஓரெழுத்து சிதைவதும் உண்டு. குறியேற்றிய பொருள்வரித் துண்டு ஒவ்வொன்றும் 75 குறிகளுக்கு மிகாதிருக்க வேண்டும் என்பது விதி. அனுப்பும் செயலி ஓர் எழுத்தின் மூன்று பைட்டுகளுக்கு நடுவில் துண்டித்தால் அவ்வெழுத்து சிதையும். பொருள்வரியைச் சுருக்கி எழுதுவதே இதற்கு எளிய தீர்வு.

இணைப்புகளும் பேஸ்64 முறையால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பருக்கின்றன. 20 மெகாபைட்டுக் கோப்பு ஏறத்தாழ 27 மெகாபைட்டு ஆவதால், 25 மெகாபைட்டு வரம்புடைய சேவையில் மறுக்கப்படும்.

மீட்டல்

1. மூலக் கோப்பின் படி ஒன்றைத் தனியே வைத்துவிட்டு, மற்றொரு படியிலேயே எல்லாச் சோதனைகளையும் செய்ய வேண்டும்.
2. மேற்கண்ட அறிகுறிகளைக் கொண்டு குறியேற்றத்தைக் கண்டறிய வேண்டும்.
3. குறியேற்றத்தைத் தேர்ந்து திறக்கும் வசதியுள்ள உரைத் தொகுப்பியிலோ உரிய மாற்றியிலோ கோப்பைத் திறக்க வேண்டும். லினக்ஸில் உள்ள ஐகான்வ் கட்டளை தஸ்கியையும் அறியும்.
4. சரியாகத் தெரிந்த பின்னரே யூடிஎஃப்-8 முறையில் புதிய பெயரில் சேமிக்க வேண்டும்.

ஒருங்குறி உரை, விண்டோஸ்-1252 எனத் தவறாகப் படிக்கப்பட்டு, அத்தோற்றத்திலேயே சேமிக்கப்பட்டிருந்தால், அதை மீண்டும் விண்டோஸ்-1252 முறையில் சேமித்து யூடிஎஃப்-8 எனத் திறந்து மீட்கலாம். எனினும் இதில் ஓர் இடையூறு உண்டு. அந்த அட்டவணையில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்கள் காலியானவை. புள்ளியின் இறுதிப் பைட்டு 141. உகரக் குறியின் இறுதிப் பைட்டு 129. ஏ, ஐ எழுத்துகளின் இறுதிப் பைட்டுகள் 143, 144. சில செயலிகள் காலியிடங்களைக் கைவிட்டுவிடுவதால் இந்நான்கும் இழக்கப்படும். முதலிரு பைட்டுகள் எஞ்சியிருப்பதால் இழப்பு நேர்ந்த இடம் தெரியும். ஆனால் அங்கிருந்தது புள்ளியா உகரமா என்பது தெரியாது. 'கண்' என்பதா 'கணு' என்பதா என்று, சொல்லின் இடம் நோக்கி மனிதரே முடிவு செய்ய வேண்டும்.

தடுத்தல்

புதிய உரைகளை யூடிஎஃப்-8 முறையிலேயே சேமிப்பது பெரும்பாலான சிக்கல்களைத் தவிர்க்கும். பழைய மடல்களையும் கோப்புகளையும் ஒருங்குறிக்கு மாற்றும்போது மூலத்தையும் அது பயன்படுத்திய எழுத்துருவையும் சேர்த்தே பாதுகாத்தல் நன்று. பாமினி போன்ற குறியேற்றங்களில் எழுத்துருவே அட்டவணை. எழுத்துருவின் பெயரும் மறைந்துவிட்டால், எண்கள் அழியாதிருந்தும் அவற்றைத் தமிழாகப் படிப்பது கடினமாகிவிடும்.

இவற்றையும் பார்க்க

* ஒருங்குறி
* தஸ்கி
* தமிழ்99 விசைப்பலகை
* மதுரைத் திட்டம்