ஆரஞ்சு வானமும் சாம்பல் நிறப் படமும்

2020 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், காட்டுத்தீயின் புகை வானெங்கும் பரவிச் சூரிய ஒளியின் நீலக் கூற்றைத் தடுத்ததால், பட்டப்பகலிலும் வானம் அடர்ந்த ஆரஞ்சு நிறத்தில் காட்சியளித்தது. ஆயினும், மக்கள் கைப்பேசியில் எடுத்த படங்கள் பலவற்றில் அதே வானம் வெறும் சாம்பல் நிறமாகவே பதிவானது. வெள்ளைப் பொருள் எந்த ஒளியிலும் வெள்ளையாகவே தெரியும்படி நிறங்களைத் திருத்தும் ‘வெண்சமநிலை’ என்னும் தானியங்கி அமைப்பு, அந்த அரிய நிறத்தை ஒளியின் குறையெனக் கணித்து நீக்கியதே இதற்குக் காரணம்.

கேமராவின் பிற தானியங்கி அமைப்புகளும் இவ்வாறே காட்சியை மாற்றிக் காட்டக்கூடும். இரவு வானில் வெள்ளிக் கோள் போன்றதொரு சிறு ஒளிப்புள்ளியைப் படமெடுக்கையில், பொருளைத் தெளிவாக்கும் தானியங்கிக் குவியம் சரியான நிலையைக் கண்டறிய இயலாமல் முன்னும் பின்னும் அலைவதால், அப்புள்ளி கேமராத் துளையின் வடிவத்துக்கேற்ப வட்டமாகவோ பல்கோணமாகவோ விரிந்து சுருங்கி, உருமாறும் விந்தைப் பொருளெனத் தோன்றுகிறது. இருண்ட பின்னணியைக் கண்டு கேமரா வெளிச்ச அளவைத் தானே உயர்த்தும்போது, மாறாத விளக்கொன்றும் திடீரெனப் பேரொளி வீசியதாகப் பதிவாகிறது.

ஆகவே, வழக்கத்துக்கு மாறான காட்சியைப் பதிவுசெய்வோர் நிறம், குவியம், வெளிச்சம் ஆகிய மூன்றையும் கைமுறையில் நிலைநிறுத்துவதும், அருகிலுள்ள கட்டடமோ மரமோ படத்தில் இடம்பெறச் செய்வதும், மூலக் கோப்பை மாற்றமின்றிப் பாதுகாப்பதும் இன்றியமையாதவை; அவ்வாறு செய்தால்தான், காட்சியில் நிகழ்ந்தது எது, கேமராவுக்குள் நிகழ்ந்தது எது என்பதை ஆராய்வோர் பிரித்தறிய முடியும்.