தாய்மாமன் எழுதிய பதில்

பரிணாமக் கொள்கையை வகுத்த சார்லஸ் டார்வின் 'பீகிள்' கப்பலில் உலகைச் சுற்றி வந்தார் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அந்தப் பயணம் நடக்காமலே போக இருந்தது என்பது உங்களுக்குத் தெரியுமா?

1831ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அவருக்கு அழைப்பு வந்தது. அப்போது வயது 22. மகன் பாதிரியாராவான் என்று நம்பியிருந்த தந்தைக்கு இது பிடிக்கவில்லை. டார்வினும் வர இயலாது என்று பதில் எழுதிவிட்டார். பிறகு தாய்மாமன் ஜோசையா வெட்ஜ்வுட்டின் வீட்டுக்குச் சென்றார். தந்தையின் ஆட்சேபணைகளை அங்கே ஒரு தாளில் வரிசைப்படுத்தினார். மொத்தம் எட்டு! பாதிரியாருக்கு இது அழகல்ல என்பது ஒன்று. பயனற்ற வேலை என்பது மற்றொன்று. மாமன் ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு நிதானமாகப் பதில் எழுதி அனுப்பினார். தந்தை மனம் மாறினார். டிசம்பர் 27இல் கப்பல் புறப்பட்டது. அப்பயணத்தில் கண்டவையே 1859இல் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' என்ற நூலுக்கு வித்தாயின.

இந்தச் செய்திகள் நமக்கு எப்படித் தெரிந்தன? அந்தக் குடும்பக் கடிதங்களை யாரும் எறிந்துவிடவில்லை, அதனால்தான்! டார்வினின் கையெழுத்துத் தாள்களும் கடிதங்களும் பெருமளவில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அவர் எழுதியனவும் பெற்றனவுமாக 15,000க்கும் மேற்பட்ட கடிதங்கள் இதுவரை கண்டறியப்பட்டுள்ளன.

கடிதங்களைப் போலவே அவர் வீட்டு நூலகத்தின் பட்டியலும் பேசுகிறது. 1875இல் தொடங்கிக் கையால் எழுதப்பட்ட அப்பட்டியல் 426 பக்கம் கொண்டது. 1882இல் டார்வின் மறைந்தபின் நூல்கள் பல சிதறின. சுமார் 1,480 மட்டுமே அவருடையவை என அறியப்பட்டிருந்தன. ஆய்வாளர்கள் இப்பட்டியலையும் பிற குறிப்புகளையும் ஒப்பிட்டு, 2024இல் சுமார் 7,400 தலைப்புகளை அடையாளம் கண்டு அறிவித்தனர்.

பட்டியலால் என்ன பயன்? பட்டாணிச் செடிகளில் மரபு விதிகளைக் கண்ட மெண்டலின் கட்டுரை டார்வினிடம் இருந்தது, அதை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை என்று ஒரு கதை உண்டு. தேடிப் பார்த்ததில் அவர் நூலகத்தில் அக்கட்டுரையே இல்லை! வாய்வழிக் கதையைச் சோதிக்கவும் பழைய தாள்கள் சான்றாகின்றன அல்லவா?

உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய கடிதக் கட்டு ஒன்று இருக்கலாம். அதை எடைக்குப் போடுமுன், பெரியவர்களின் அனுமதி பெற்று ஒருமுறை படித்துப் பாருங்கள்!