பக்கத்து வீட்டு முந்திரி

விருத்தாசலத்தில் புதிதாக வீடு கட்டிக் குடிவந்திருக்கும் வாசகி ஒருவர் எழுதிக் கேட்கிறார்: “கொல்லையில் ஒரு முந்திரி வைக்கத்தான் இடம் இருக்கிறது. ஒற்றை மரம் காய்க்குமா? எந்த ரகம் வாங்கலாம்?”

ரகத்துக்கு அலைய வேண்டாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அங்கிருந்து 1991இல் வெளிவந்த வி.ஆர்.ஐ.-3 ரகத்தின் கொட்டை ஏறக்குறைய 7 கிராம் தேறும். அதற்கு முந்தைய வி.ஆர்.ஐ.-2 சுமார் 5 கிராம்தான். ஒட்டுக்கன்றாகப் பார்த்து வாங்குங்கள். கொட்டை ஊன்றி வந்த கன்று தாய் மரத்தைப் போலவே காய்க்கும் என்று சொல்ல முடியாது.

ஒற்றை மரமும் காய்க்கும். அமெரிக்காவில் வீட்டுத் தோட்டத்துக்கு பெக்கான் மரம் வாங்குகிறவர்கள் இரண்டு வகை பார்த்து வாங்குவார்கள். அந்த மரத்தில் ஆண் பூ மகரந்தம் உதிர்க்கும் நாளும் பெண் பூ அதை ஏற்கும் நாளும் சரிவரப் பொருந்துவதில்லை. முந்திரிக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஆனாலும் அது துணை தேடுகிற மரம்தான் என்பதை அதன் பூவே காட்டிவிடும்.

தை மாதத்தில் ஒரு பூங்கொத்தை வளைத்துப் பாருங்கள். ஒரே கொத்தில் ஆண் பூக்களும் இருபால் பூக்களும் கலந்திருக்கும். ஆண் பூக்களே அதிகம். பூவுக்குள் இருக்கும் மகரந்தத் தாள்களில் பெரும்பாலும் ஒன்றுதான் நீண்டு நிற்கும், மற்றவை குட்டை. இருபால் பூவிலோ சூல்தண்டு அந்த நீண்ட தாளையும் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். ஆண் பூவின் நீண்ட தாளும் இந்தச் சூல்தண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம். ஆண் பூவில் தேனருந்திய தேனீயின் உடம்பில் எங்கே மகரந்தம் ஒட்டுகிறதோ, அடுத்த இருபால் பூவின் சூல்தண்டு நுனி அதே இடத்தில் வந்து உரசும். ஆண் பூக்கள் காலையிலேயே விரியத் தொடங்கிவிடும். இருபால் பூக்கள் பெரும்பாலும் 10 மணிக்கு மேல்தான். இருபால் பூவுக்குத் தேனீ வரும்போது அதன் உடம்பில் மகரந்தம் தயாராக இருக்கும். பிசுபிசுப்பான இந்த மகரந்தத்தைக் காற்று சுமக்காது, பூச்சிதான் சுமக்க வேண்டும்.

அந்த மகரந்தம் வேறொரு மரத்துடையதாக இருந்தால் பிஞ்சு நன்றாகப் பிடிக்கும், உதிர்வதும் குறையும். இங்கேதான் ஒட்டுக்கன்றில் ஒரு சிக்கல். நம் ஊர் செராமிக் பட்டறையில் ஒரே பிளாஸ்டர் அச்சில் நூறு பொம்மை வார்த்தாலும் எல்லாம் ஒரே பொம்மைதான். அதுபோல நூறு வி.ஆர்.ஐ.-3 ஒட்டுக்கன்று நட்டாலும் மகரந்தத்தைப் பொறுத்தவரை அவை ஒரே மரம். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் சாய்த்த கடலூர் மாவட்டத்து முந்திரிக் காடுகளில் பழைய மரங்கள் பெரும்பாலும் கொட்டையிலிருந்து முளைத்தவை, ஒவ்வொன்றும் ஒரு விதம். நல்ல விளைச்சலுக்கு ஒட்டுக்கன்று வேண்டும்தான். அதற்காக ஊர் முழுக்க ஒரே ரகத்தை நடுவது சரியல்ல.

எனவே கன்று வாங்குமுன் பக்கத்து வீட்டில் என்ன ரகம் என்று கேளுங்கள். அங்கே வி.ஆர்.ஐ.-3 இருந்தால் நீங்கள் வேறு ரகம் வையுங்கள். ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே இருக்கட்டும். அதற்குக் கீழே வரும் துளிரைக் கிள்ளிவிடுங்கள். முதல் இரண்டு ஆண்டு பூவையும் கிள்ளினால் மரம் உரம் பெறும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முந்திரியைத் தாக்கும் தேயிலைக் கொசு என்ற பூச்சிக்குப் பயந்து, பூ விரிந்திருக்கும் வேளையிலேயே மருந்தடிக்கும் பழக்கம் இருக்கிறது. அதில் சாவது தேனீயும்தான். கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின் மேல் ஆண்டுக்கணக்காக ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் பூச்சிமருந்தைத் தெளித்ததன் வேதனையைக் குழந்தைகள் சுமந்தார்கள். 2011இல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்தையே தடை செய்தது. கொல்லையில் நிற்கும் ஒரு மரத்துக்கு மருந்து அவசியமே இல்லை. கொஞ்சம் காய் போனால் போகட்டும். உங்கள் தேனீதான் அடுத்த வீட்டு மரத்துக்கும் போகிறது. அதைக் காப்பது தெருவுக்கே செய்யும் உதவி.