49-வது மணி நேரம்

சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கியது. நல்ல திட்டம்தான். பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவருக்கோ, அதற்குப் பிறகு வருடக்கணக்கில் வேலை இருக்கிறது. அந்த வேலை முழுக்கக் குடும்பத்தின் தலையில்.

டிஸ்சார்ஜ் ஆனதும் நேர்த்திக்கடனை முடிக்கிறார்கள். சில வாரங்களில் முழங்கை மடங்கி, விரல்கள் உள்ளங்கைக்குள் சுருள ஆரம்பிக்கும். 'நரம்பு இழுத்துக்கிச்சு' என்பார்கள். மூளையின் பிடி தளர்ந்ததால் தசை சதா முறுக்கேறி நிற்கிறது என்பதே விஷயம். தினமும் பதமாக நீட்டிவிடாவிட்டால் மூட்டு அப்படியே இறுகிவிடும். பிறகு அறுவை சிகிச்சை வரை போக வேண்டியிருக்கும். எண்ணெய் தடவி வெடுக்கென்று இழுப்பது ஆபத்து. இடுப்பு, முழங்கை மூட்டுகளைச் சுற்றி வேண்டாத எலும்பு வளர்வதும் தலையில் அடிபட்டவர்களுக்கு உண்டு. மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும். முறுக்கைத் தளர்த்த பேக்லோஃபென் மாத்திரை, கைக்கு ஸ்ப்ளின்ட், அழகு நிலையங்களால் பிரபலமான அதே போடாக்ஸ் ஊசி என்று வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பிசியோதெரபி கூடவே வர வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத சேதங்கள்தான் வீட்டில் சண்டையாகின்றன. மூக்கின் மேல்புறச் சல்லடை எலும்பு வழியே போகும் நரம்பிழைகள் அடியின் அதிர்ச்சியில் அறுந்தால் மோப்பம் போய்விடும். சாம்பார் ருசிக்கவில்லை என்று பழி சமைத்தவர் மேல் விழும். கேஸ் கசிந்தாலும் அடிபட்டவருக்குத் தெரியாது என்பது அதைவிடப் பெரிய கவலை. பகலெல்லாம் படுத்தே கிடந்தால் 'சோம்பேறி' பட்டம். பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டிருக்கலாம், ஹார்மோன்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வலிப்பு, விபத்து நடந்து பல வருடம் கழித்தும் வரலாம்.

உதவியே இல்லை என்றில்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு சக்கர நாற்காலிக்கு வந்தவர். அவர் முயற்சியில் 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு மையமே எழுந்தது. சட்டைப் பொத்தானை ஒற்றைக் கையால் போடுவதுகூட அங்கே சிகிச்சைதான். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வழியாக பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். கேட்டு வாங்க வேண்டும்.

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் மூளைக்காயம் தனியாக இல்லை. மடங்கிய கைக்குச் சான்றிதழில் சதவீதம் கிடைக்கும். போன மோப்பத்துக்கும் தீராத அசதிக்கும் அந்தப் பட்டியலில் இடமே இல்லை.