சொட்டுகிறது என்று விட்டுவிடாதீர்கள்!
காரின் தண்ணீர்ப் பம்பை வீட்டிலேயே மாற்றும் முறை



ஒரு காலத்தில் நம் தோட்டங்களில் கார் என்றால் துரை பங்களாவிலும் பெரிய கிராணி வீட்டிலும்தான் நிற்கும். 1970களில் டட்சன் 120ஒய் போன்ற ஜப்பானியக் கார்கள் நம் மக்கள் கைக்கும் வரத் தொடங்கின. 1985-இல் நம் நாட்டுக் காரான புரோட்டோன் சாகா வெளிவந்தது. 1994-இல் பெரோடுவா கஞ்சில் வந்தது. இன்று ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கம் போனால், லயத்து வாசலிலும் தாமான் வீட்டு வாசலிலும் இரண்டாம் கை, மூன்றாம் கை மாறி வந்த கார்கள் நிற்பதைப் பார்க்கலாம்.

அந்தக் கார் நமக்கு ஆடம்பரப் பொருள் அன்று. நடு இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக அதுதான் வண்டி. பேருந்து வராத செம்பனைக் காட்டுக்குள்ளிருந்து பரீட்சை எழுதும் பிள்ளையை நேரத்தோடு கொண்டுபோய் விடுவதும் அதுதான். அப்படிப்பட்ட காரின் உயிரைக் காக்கும் ஒரு சிறிய உறுப்பைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம். அதுதான் தண்ணீர்ப் பம்பு.

பம்பு செய்யும் வேலை என்ன?

எஞ்சினுக்குள் பெட்ரோல் எரிகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்றாவிட்டால் இரும்பும் அலுமினியமும் கோணிப்போகும். ஆகவே எஞ்சினைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. எஞ்சினில் சூடேறிய தண்ணீர் ரேடியேட்டருக்குப் போய், காற்றுப்பட்டு ஆறி, மறுபடியும் எஞ்சினுக்கு வருகிறது. இந்த ஓட்டத்தை நடத்துவது பம்பு. நம் உடம்பில் இதயம் செய்யும் வேலைதான் இது.

பம்பின் நடுவில் ஒரு தண்டு உண்டு. அதன் ஒரு முனையில் தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரம். மறு முனையில் பெல்ட்டு ஓடும் சக்கரம். தண்ணீர் வெளியே வராதபடி நடுவில் ஒரு சீல் இருக்கிறது. சீலுக்கும் பேரிங்குக்கும் இடையே, பம்பின் அடிப்பக்கத்தில், ஒரு சிறு துளை வைத்திருப்பார்கள். சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் புகாமல் அந்தத் துளை வழியாகச் சொட்டும். ஆகவே, அங்கே சொட்டும் தண்ணீர் நமக்கு விடுக்கப்படும் எச்சரிக்கை. அந்தத் துளையைப் பசை வைத்து அடைப்பவர்களும் உண்டு. அது வலியால் அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்துவதற்குச் சமம்.

சொட்டு எங்கிருந்து வருகிறது?

காரின் அடியில் ஈரத்தைக் கண்டதும் பம்பு போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். குளிர்சாதனம் உள்ள கார்களில் அதன் நீரும் கீழே சொட்டும். அது நிறமற்ற சுத்தமான நீர். அதனால் கெடுதல் இல்லை. இரவில் எஞ்சினுக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் எந்த இடத்தில் கறை, என்ன நிறம் என்று பாருங்கள். பச்சையாகவோ, சிவப்பாகவோ, துருநிறமாகவோ இருந்தால் அது ரேடியேட்டர் தண்ணீர்.

பிறகு ரப்பர் குழாய்களின் பிடிவளையங்களையும் ரேடியேட்டரின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். அங்கே ஈரம் இல்லாமல், பம்பின் துளைக்குக் கீழே காய்ந்த கறை கோடாக வடிந்திருந்தால் பம்புதான் காரணம். எஞ்சின் ஆறிய நிலையில் பம்புச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங்கும் தேய்ந்துவிட்டது. எண்ணெய் மூடியைத் திறந்து பார்க்கும்போது, உள்ளே பால் கலந்த தேத்தண்ணிபோல் இருந்தால், தண்ணீர் எண்ணெயில் கலக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். அதைப் பட்டறைக்காரரிடம் காட்டுவதே நலம்.

எந்தக் காருக்கு நாமே செய்யலாம்?

இதை முதலில் தெளிவாக அறிந்துகொள்ளுங்கள். டட்சன் 120ஒய் போன்ற பழைய கார்களில் பம்பு எஞ்சினின் முன்புறத்திலேயே இருக்கிறது. விசிறியும் அதன் மேலேயே பூட்டப்பட்டிருக்கும். கை வேலை தெரிந்தவர்கள் ஒரு பகல் பொழுதில் இதை மாற்றிவிடலாம்.

பழைய சாகாவின் கதை வேறு. அதில் டைமிங் பெல்ட்டைக் கழற்றினால்தான் பம்பை எடுக்க முடியும். அந்தப் பெல்ட்டைத் திரும்ப மாட்டும்போது குறிகள் ஒரு பல் தவறினாலும் எஞ்சின் சரியாக ஓடாது. பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும் அபாயமும் உண்டு. பழக்கமில்லாதவர்கள் அதைத் தொட வேண்டாம். பட்டறையில் கொடுத்து, டைமிங் பெல்ட்டையும் பம்பையும் ஒரே நேரத்தில் மாற்றச் சொல்லுங்கள். இரண்டுக்கும் ஒரே கூலியோடு போகும். தெரியாத வேலையை விட்டுவிடுவதும் புத்திசாலித்தனம்தான்.

வேலையைத் தொடங்குமுன்

எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். காலையில் காரை எடுக்குமுன் தொடங்குவது உத்தமம். சூடான ரேடியேட்டரின் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிரஷர் குக்கரை நினைத்துப் பாருங்கள். ரேடியேட்டருக்குள் அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த மறுகணம் அழுத்தம் விலகி, அத்தனையும் ஒரே வீச்சில் கொதித்து முகத்தில் அடிக்கும்.

காரைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். மின்விசிறி உள்ள கார்களில், எஞ்சின் நின்ற பிறகும் விசிறி திடீரென்று சுழலக்கூடும். சிறு பிள்ளைகளைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

கழற்றும் முறை

முதலில் ரேடியேட்டருக்கு அடியில் ஒரு பேசினை வைத்துத் தண்ணீரை இறக்குங்கள். அந்தத் தண்ணீரில் ரேடியேட்டர் மருந்து கலந்திருந்தால் கவனம் தேவை. அது இனிப்பாக இருக்கும், ஆனால் நஞ்சு. நாயோ மாடோ குடித்தால் செத்துப்போகும். பிள்ளைகள் கைக்கு எட்டக்கூடாது. சாக்கடையிலும் ஓடையிலும் ஊற்றாமல், மூடியுள்ள டின்னில் அடைத்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது ஒரு சின்ன நுட்பம். பெல்ட்டு இறுக்கமாக இருக்கும்போதே, விசிறிச் சக்கரத்தின் போல்ட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். பெல்ட்டைக் கழற்றிய பிறகு முயன்றால் சக்கரம் கூடவே சுற்றும். தளர்த்திய பின் ஆல்டர்நேட்டரை நெகிழ்த்திப் பெல்ட்டை எடுங்கள். பிறகு விசிறி, சக்கரம், கீழ்க்குழாய் என்று வரிசையாகக் கழற்றுங்கள். கை நுழைய இடம் போதாவிட்டால் ரேடியேட்டரையும் கழற்றி வெளியே வைத்துவிடலாம்.

பம்பைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளமாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஓர் அட்டையில் பம்பின் உருவத்தை வரைந்து, எந்த இடத்துப் போல்ட்டோ அந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து பாகம் குறிப்பது போலத்தான். திரும்பப் பூட்டும்போது பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பம்பு ஒட்டிக்கொண்டு வர மறுத்தால், மரக்கட்டையால் பக்கவாட்டில் மெல்லத் தட்டுங்கள். திருப்புளியை இடுக்கில் விட்டு நெம்பினால் அலுமினிய முகத்தில் வடு விழும். பிறகு எத்தனை கேஸ்கட் போட்டாலும் ஒழுகும்.

பூட்டும் முறை

கடையில் வாங்கிய புதுப் பம்பைப் பழையதன் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். போல்ட்டுத் துளைகளும், தண்டின் உயரமும், இறக்கையின் வளைவும் ஒத்திருக்க வேண்டும். எஞ்சின் முகத்தில் ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கட்டைப் பொறுமையாகச் சுரண்டி எடுங்கள். அந்தத் தூள் உள்ளே விழாதபடி துளையில் ஒரு சுத்தமான துணியைத் திணித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் துணியை மறவாமல் எடுத்துவிடுங்கள்.

புதுக் கேஸ்கட்டின் இருபுறமும் மெல்லிய பூச்சாகப் பசை தடவினால் போதும். தாராளமாக அப்பினால் பிதுங்கி உள்ளே விழுந்து நீர்வழியை அடைக்கும். எல்லாப் போல்ட்டையும் முதலில் கையால் ஏற்றுங்கள். பிறகு ஒன்றுக்கு எதிர் ஒன்றாக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். இவை சிறிய போல்ட்டுகள். சக்கர நட்டை முறுக்குவது போல் பலத்தைக் காட்டினால் முறிந்து உள்ளேயே நின்றுவிடும்.

பெல்ட்டை மாட்டி, நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ஏறத்தாழ அரை அங்குலம் அமுங்கினால் சரி. அதிகம் இறுக்கினால் புதுப் பேரிங் சீக்கிரம் தேயும். தளர்ந்தால் பம்பு சரியாகச் சுற்றாது.

ரப்பர் குழாய்களையும் இப்போதே பாருங்கள். உப்பியோ வெடித்தோ இருந்தால் மாற்றிவிடுங்கள். மலாயாவில் ரப்பரை வாணிபப் பயிராக முதலில் நட்ட இடங்களில் நம் மலாக்காவும் ஒன்று. 1896-இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். அடுத்து புக்கிட் ஆசகானில் பெரிய தோட்டமே எழுந்தது. ஆனால் நம்மவர் வெட்டிய அந்தப் பாலில் ஆன ரப்பர் டயருக்கு ஏற்றது. இடைவிடாத சூட்டை அது தாங்காது. ஆகவே இன்றைய ரேடியேட்டர் குழாய்கள் செயற்கை ரப்பரால் செய்யப்படுகின்றன. கண்ட குழாயை வெட்டி மாட்டாமல், அந்தக் காருக்குரிய குழாயையே கேட்டு வாங்குங்கள்.

தண்ணீர் நிரப்புதல்

“நம் நாட்டில் பனி உறைவதில்லையே, ரேடியேட்டர் மருந்து எதற்கு?” என்று கேட்பவர்கள் பலர். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான். துருப்பிடிக்காமல் காப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும் அதன் மற்ற வேலைகள். கிணற்று நீரில் கரைந்துள்ள உப்புகள் உள்ளே படிந்து வழியை அடைக்கும். காய்ச்சி வடித்த நீரோடு, மருந்தின் புட்டியில் சொல்லியுள்ள அளவில் கலந்து ஊற்றுவதே சிறந்தது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தால் எஞ்சின் குளிர்ச்சியாக இருக்கும் என்பதும் தவறான எண்ணம். எஞ்சினைச் சரியான சூட்டில் வைத்திருப்பது அதுதான்.

மெதுவாக ஊற்றுங்கள். கழற்றிய பேட்டரி ஒயரைப் பூட்டி, ரேடியேட்டர் மூடி திறந்தபடியே எஞ்சினை மெல்ல ஓடவிடுங்கள். உள்ளிருக்கும் காற்று குமிழிகளாக வெளிவரும். தண்ணீர் மட்டம் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே வாருங்கள். மேல்குழாய் சூடேறினால் தெர்மோஸ்டாட் திறந்து தண்ணீர் ஓடுகிறது என்று பொருள். மட்டம் நிலைத்ததும் மூடிவிடுங்கள். தோட்டத்துச் சாலையில் ஒரு சுற்றுப் போய் வந்து, ஒழுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். மறுநாள் காலை, எஞ்சின் ஆறியிருக்கும்போது, மட்டத்தை மறுபடியும் பாருங்கள்.

வழியில் கொதித்துவிட்டால்?

மாசி மகத்தன்று செங் சன்னாசிமலைக்கு வண்டிகள் ஊர்ந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். இப்படி ஊர்ந்து போகும்போது முன்காற்று கிடைக்காது. விசிறியும் பம்பும் மட்டுமே எஞ்சினைக் காக்க வேண்டும். சொட்டும் பம்பு காலை வாருவது இத்தகைய நாளில்தான். சூட்டுமானியின் முள் ஏறினால் கூச்சப்படாமல் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். “இன்னும் இரண்டு மைல்தானே” என்று ஓட்டினால் சிலிண்டர் ஹெட் கோணிவிடும். அதைச் சரிசெய்யும் செலவு பம்பின் விலையைப்போல் பல மடங்கு. குறைந்தது ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். கொதிக்கும் எஞ்சின் மேல் குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

வாசகர்களே! மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய கார் இது. வாரம் ஒரு முறை, காலையில், ஐந்து நிமிடம் செலவிட்டு எஞ்சினின் முன்மூடியைத் திறந்து தண்ணீரையும் பெல்ட்டையும் பாருங்கள். பார்க்கும்போது மகனையும் மகளையும் பக்கத்தில் அழைத்து, எது பம்பு, எது ரேடியேட்டர் என்று காட்டிக்கொடுங்கள். நடு இரவில் அவசரத்துக்கு எடுக்கும்போது அந்த வண்டி நம்மைக் கைவிடாது.