உறுதியா, குத்தகையா? பிள்ளைகளின் விளையாட்டுகளும் எமது பணமும்

விட்பியில் வாழும் எம்மவர் வீடுகளில் நத்தார் நெருங்கினால் பிள்ளைகள் கேட்கும் பொருட்களில் வீடியோ விளையாட்டு தவறாமல் இருக்கும். முன்பு அதற்குக் கடைக்குப் போகவேண்டும். பெட்டிக்குள் ஒரு தட்டு இருக்கும். விளையாடி முடிந்ததும் தம்பிக்குக் கொடுக்கலாம், ஸ்காபரோவிலுள்ள மச்சானுக்கு இரவல் கொடுக்கலாம், பழையதை எடுக்கும் கடையில் விற்கலாம். இன்றோ வீட்டிலிருந்தே பணத்தைக் கட்டினால் விளையாட்டு இணையம் வழியாக வந்துவிடுகிறது. பனிக்காலத்தில் கார் எடுக்கத் தேவையில்லை. தட்டு கீறுப்பட்டுப் போகும் என்ற பயமும் இல்லை.

இந்த மாற்றத்துக்கு வழி திறந்தவற்றுள் முக்கியமானது 2003 இல் வால்வ் நிறுவனம் தொடங்கிய ஸ்டீம் என்ற இணையக் கடை. 2004 இல் வந்த 'ஹாஃப் லைஃப் 2' விளையாட்டைப் பெட்டியாக வாங்கியவர்களும் ஸ்டீமில் கணக்குத் திறக்கவேண்டியிருந்தது.

இதனால் எமக்கும் நன்மை உண்டு. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையல் வழியே சொல்லும் 'வெண்பா' என்ற விளையாட்டை ரொறன்ரோவின் விசை கேம்ஸ் என்ற சிறிய நிறுவனம் உருவாக்கியது. 2023 யூலையில் இணையக் கடைகள் வழியாக உலகெங்கும் சென்ற அது, 2024 இல் பிரித்தானியாவின் பாஃப்ரா விருதும் பெற்றது. கடைத் தட்டுகளில் இடம்பிடிக்கப் பெரிய முதல் தேவை; இணையத்தில் சிறியவர்களுக்கும் வாசல் திறந்திருக்கிறது.

ஆனால் ஊரிலே காணி வாங்குபவர் முதலில் பார்ப்பது உறுதியைத்தான். இணையத்தில் நாம் பெறுவது பெரும்பாலும் உறுதி அல்ல, குத்தகை. ஸ்டீமின் நிபந்தனைகளே விளையாட்டு விற்கப்படவில்லை, பாவிக்கும் அனுமதியே தரப்படுகிறது என்கின்றன. அதை வேறொருவருக்கு விற்கவோ கணக்கைக் கைமாற்றவோ முடியாது. யூபிசொப்ட் நிறுவனம் 2014 இல் வெளியிட்ட 'த குரூ' விளையாட்டின் சேவையை 2024 மார்ச்சில் நிறுத்தியது. சேவை நின்றதும் காசு கொடுத்தவர்களால் அதை விளையாட முடியாமல் போனது. தட்டு வைத்திருந்தவர்களுக்கும் அதே கதிதான். அந்த விளையாட்டு நிறுவனத்தின் சேவையில் தங்கியே இயங்கும்படி உருவாக்கப்பட்டிருந்தது. இத்தகைய விற்பனையில் கிடைப்பது அனுமதி மட்டுமே என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லவேண்டும் என்ற சட்டம் கலிபோர்னியாவில் 2025 யனவரியில் நடைமுறைக்கு வந்தது.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை சில. விளையாட்டு இயந்திரம் வாங்குமுன் அதில் தட்டுப் போடும் வசதி உண்டா என்று கேளுங்கள். எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எஸ் போன்றவற்றில் அது இல்லை. இரவல் தட்டோ பழைய தட்டோ அதில் ஓடாது. சிறு பிள்ளைகளின் கணக்கு விபரங்களையும் கடவுச்சொல்லையும் நீங்களும் வைத்திருங்கள். ஸ்டீமில் வாங்கியது பிடிக்காவிட்டால், 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.

இரண்டு வேலை செய்து உழைக்கும் காசு. உறுதிக்குக் கொடுக்கிறோமா, குத்தகைக்குக் கொடுக்கிறோமா என்று தெரிந்துகொண்டு கொடுப்போம்.