கரிசல் முதல் கப்பல் வரை – 11: பணம் வராத நாளுக்கு ஒரு கடிதம்

மாசி பிறந்துவிட்டால் திருச்சுழி, நரிக்குடி, பரளச்சிப் பக்கம் களமெல்லாம் சிவப்புதான். ஐப்பசி மழையை நம்பி மானாவாரியில் போட்ட மிளகாய் பழுத்துக் காய்கிறது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காம்பு கிள்ளுகிறார்கள். வெளுத்துப்போன சோடை வத்தலைப் பொறுக்கித் தனியே போடுகிறார்கள். சோடை கலந்த மூட்டைக்கு விருதுநகர் மார்க்கெட்டில் ஒரு விலை, நிறம் மாறாத மூட்டைக்கு வேறு விலை. தேறிய சரக்கு அருப்புக்கோட்டை, பந்தல்குடி வழியாக நான்குவழிச் சாலையில் தூத்துக்குடி போய்க் கப்பல் ஏறுகிறது. விருதுநகர் சம்பா வத்தலும் பக்கத்து ராமநாதபுரம் முண்டு மிளகாயும் புவிசார் குறியீடு பெற்றவை. தரத்தில் குறை சொல்ல ஆள் இல்லை. கேள்வி எல்லாம் பணத்தில்தான்.

சாதாரண எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட், பணத்துக்கு வங்கி தரும் உறுதிக் கடிதம்) எப்படி வேலை செய்கிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். ஒவ்வொரு கப்பலுக்கும் ஆவணம் கொடுத்து, ஒவ்வொரு முறையும் வங்கியிடமே பணம் வாங்குவது அது. ஸ்டாண்ட்பை எல்.சி. அப்படி இல்லை. வியாபாரம் வழக்கம்போல நடக்கும். சரக்கு போகும், பில் போகும், வாங்குபவர் தவணை நாளில் நேரடியாகப் பணம் அனுப்புவார். அவருடைய வங்கி எழுதிக் கொடுத்த ஸ்டாண்ட்பை கடிதம் பெட்டிக்குள் கிடக்கும். அவர் அனுப்பாமல் விட்டால்தான் அதை எடுக்க வேண்டும். எடுக்காமலே காலாவதியானால் வியாபாரம் நன்றாக நடந்தது என்று பொருள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் ஒரு கண்டெய்னர், பில் ஒன்றுக்கு 20 லட்ச ரூபாய், தவணை 60 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தை முதல் தேதி ஒன்று போகிறது, மாசியில் ஒன்று, பங்குனியில் ஒன்று. தை மாதப் பில்லுக்குப் பணம் வரவேண்டிய நாளில் மூன்று பில் வெளியே நிற்கிறது. ஆக, உங்கள் ஆபத்து அதிகபட்சம் 60 லட்சம். அந்தத் தொகைக்கு, கடைசிக் கண்டெய்னரின் தவணையும் தாண்டிச் செல்லுபடியாகும் ஒரே ஒரு ஸ்டாண்ட்பை வாங்கிவிட்டால், ஆண்டு முழுக்கப் போகும் பன்னிரண்டு கண்டெய்னருக்கும் அது காவல். கப்பலுக்குக் கப்பல் எல்.சி. திறக்கும் செலவும் இழுபறியும் இல்லை. முதல் பில்லுக்குப் பணம் வரவில்லையா? நான்காவது கண்டெய்னரை நிறுத்துங்கள், கடிதத்தை எடுங்கள்.

எடுத்து என்ன கொடுக்க வேண்டும் என்பதைக் கடிதமே சொல்லும். பெரும்பாலும் மூன்று தாள்தான்: பில்லின் நகல், கப்பல் ரசீதின் நகல், நீங்கள் கையெழுத்திட்ட ஓர் அறிக்கை. “இன்ன எண்ணுள்ள பில்லுக்குரிய சரக்கை அனுப்பினோம், தவணை நாள் கடந்துவிட்டது, பணம் வரவில்லை” என்று இரண்டு வரி. வாங்குபவரின் சம்மதம் வேண்டாம், கோர்ட் தீர்ப்பு வேண்டாம். ஊரில் ஒருவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர், “முதலில் அவனிடம் கேள், அப்புறம் என்னிடம் வா” என்பார். வங்கி அப்படிச் சொல்ல முடியாது. தாள் சரியாக இருந்தால் பணம் கொடுத்தே ஆக வேண்டும். தாளில் உள்ள ஒரு சொல் கடிதத்தில் கேட்டபடி இல்லை என்றால் கொடுக்காமலும் இருக்கலாம். வாசகத்தைக் கடிதம் வந்த அன்றே படிக்க வேண்டும். பணம் வராத அன்று படித்துப் பயன் இல்லை.

வங்கியின் இந்த வாக்கு எவ்வளவு உறுதியானது என்பதற்கு நம் சென்னையிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. ஃபராக்கா அணையின் கால்வாய் வெட்டும் வேலைக்காக, சென்னையைச் சேர்ந்த தாராப்பூர் நிறுவனம் சோவியத் நாட்டிலிருந்து இயந்திரங்கள் வாங்கியது. பாங்க் ஆஃப் இந்தியா எல்.சி. கொடுத்தது. இயந்திரங்கள் சொன்னபடி வேலை செய்யவில்லை என்று சொல்லி, பணம் போகாமல் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். உச்ச நீதிமன்றம் வரை நடந்து, 1960-களின் இறுதியில் விற்றவர் பக்கமே தீர்ப்பானது. சரக்குத் தகராறு வேறு, வங்கியின் வாக்கு வேறு என்பது அதன் சாரம். அது சாதாரண எல்.சி. வழக்குதான், ஆனால் ஸ்டாண்ட்பையும் நிற்பது அதே அடித்தளத்தில்தான். அப்பட்டமான மோசடி போன்ற மிக அரிதான காரணம் இருந்தால் ஒழிய நீதிமன்றங்கள் குறுக்கே வருவதில்லை.

அப்படியானால் கடிதம் கையில் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாமா? 2022-ஐ நினைத்துப் பாருங்கள். நம் வத்தலுக்குப் பழைய வாடிக்கை இலங்கை. அந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலருக்குச் சுமார் 200 இலங்கை ரூபாய். மே மாதத்தில் சுமார் 360. கடனுக்கு வத்தல் வாங்கிக் கொழும்பில் விற்றவர் நாணயமானவராகவே இருக்கட்டும். விற்ற காசை டாலராக்கினால் பாதிக்குச் சற்று மேல்தான் தேறும். அதைவிடக் கொடுமை, வங்கியிலேயே டாலர் இல்லை. ஏப்ரல் 12-ஆம் தேதி அந்த நாடே வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தருவதை நிறுத்துவதாக அறிவித்தது. நாட்டில் டாலர் இல்லாதபோது அந்த நாட்டு வங்கி எழுதிக் கொடுத்த டாலர் வாக்கு என்னவாகும்?

ஸ்டாண்ட்பை காப்பது வாங்குபவர் கைவிடும் ஆபத்திலிருந்து. அவர் நாடே கைவிடும் ஆபத்துக்கு அது மட்டும் போதாது. அதற்கு வழி, இந்தியாவிலோ சிங்கப்பூரிலோ உள்ள ஒரு வங்கி அந்தக் கடிதத்தை உறுதி செய்து தன் வாக்கையும் சேர்ப்பது. அப்போது நீங்கள் கொழும்பை எதிர்பார்க்க வேண்டியதில்லை. உறுதி செய்த வங்கியே கொடுக்கும். கட்டணம் உண்டு. நெருக்கடி வந்தபிறகு எந்த வங்கியும் லேசில் உறுதி செய்யாது. நல்ல காலத்திலேயே கேட்டு வாங்க வேண்டியது இது. மற்றொரு வழி 1957-ல் மத்திய அரசு தொடங்கிய இ.சி.ஜி.சி. நிறுவனத்தின் ஏற்றுமதிக் கடன் காப்பீடு. அது அடுத்த வாரம்.

கடிதத்தில் எந்த விதித்தொகுப்பின் பெயர் இருக்கிறது என்றும் பாருங்கள். ஸ்டாண்ட்பைக்கென்றே எழுதி 1999 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது ஐ.எஸ்.பி. 98. சாதாரண எல்.சி.க்கு உள்ளது யு.சி.பி. 600. இரண்டில் எதன்கீழும் ஸ்டாண்ட்பை கொடுக்கலாம். வித்தியாசம் கெட்ட நாளில் தெரியும். கடிதத்தின் கடைசி நாளில் கலவரத்தாலோ வெள்ளத்தாலோ வங்கி பூட்டிக் கிடக்கிறது என்று வையுங்கள். யு.சி.பி.யின்படி அந்த இடைவெளியில் காலாவதியான கடிதம் செத்ததுதான். ஐ.எஸ்.பி.யின்படி, கடிதத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, வங்கி திரும்பத் திறந்த பிறகு 30 நாள் கிடைக்கும். ஊரடங்கையும் புயலையும் பார்த்தவர்கள் நாம். நான் விற்பவனாக இருந்தால் ஐ.எஸ்.பி.யைத்தான் கேட்பேன்.

நம்மவர்கள் அதிகம் கவனிக்காமல் விடக்கூடிய இடம் கடைசி தேதி. டிசம்பர் 31 வரை கடிதம் செல்லும் என்று நம்பி நவம்பர் 15-ல் சரக்கு அனுப்பினால், 60 நாள் தவணை ஜனவரி 14-ல்தான் முடியும். அந்தக் கண்டெய்னருக்குக் காவல் கிடையாது. கடைசிச் சரக்கின் தவணைக்கு மேல் ஒரு மாதமாவது கடிதம் உயிரோடு இருக்க வேண்டும்.

வாங்குபவர் முகம் சுளிக்கத்தான் செய்வார். வங்கிக் கமிஷன் அவர் கட்ட வேண்டும், பணமோ சொத்தோ ஈடு வைக்க வேண்டும். விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது கேளுங்கள். பத்து வருஷப் பழக்கம் என்று கூசாதீர்கள். பழக்கத்தில் குறை இல்லாதவரும் 2022-ல் பணம் அனுப்ப முடியாமல் தவித்தார்கள்.

இன்னொன்று. வாட்ஸ்அப்பில் வரும் முத்திரை போட்ட படத்தைக் கடிதம் என்று நம்பாதீர்கள். ஸ்டாண்ட்பை பெயரில் போலித் தாள்கள் உலகமெங்கும் உலவுகின்றன. உண்மையான கடிதம், வங்கிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் சுவிஃப்ட் வழியாக உங்கள் வங்கிக்கே வந்து சேரும். வங்கி மேலாளரிடம் நேரில் போய், “வந்துவிட்டதா, அனுப்பிய வங்கி எது, உறுதி செய்தது யார்?” என்று கேளுங்கள். அந்த மூன்றுக்கும் பதில் கிடைக்கும்வரை தூத்துக்குடிக்கு லாரி ஏற்றாதீர்கள்.

(தொடரும்)